ஃப்ரண்ட்பெஞ்ச் யாரு, பேக்பெஞ்ச் யாரு: பிரிட்டிஷ் பார்லிமென்ட் பாக்க ஆரம்பிக்கிறவங்களுக்கு

பிரிட்டன் அரசியல் நியூஸ் ஃபாலோ பண்ண ஆரம்பிக்கிற எல்லாருக்கும் இந்தக் குழப்பம் வரும். "லேபர் ஃப்ரண்ட்பெஞ்ச்ல மாற்றம்", "டோரி பேக்பெஞ்சர்கள் கலகம்"னு தலைப்பு போடுவாங்க (லேபரும், டோரின்னு கூப்பிடுற கன்சர்வேட்டிவும் அங்க இருக்குற கட்சிங்க), நாமளும் ஸ்கூல்ல முதல் பெஞ்ச் கடைசி பெஞ்ச் மாதிரி ஏதோ ஒண்ணுன்னு நினைச்சுக்கிட்டு அடுத்த நியூஸுக்குப் போயிடுவோம். அந்தக் கணக்கு இங்க எடுபடாது. பிரதமரா இருந்த தெரசா மே 2019ல பதவிய விட்டதும் போய் உக்காந்தது பின்வரிசைலதான், 2024 தேர்தல் வரைக்கும் அங்க நின்னுதான் பேசினாங்க. ரிஷி சுனக்கும் 2024 நவம்பர்ல கட்சித் தலைமைய ஒப்படைச்சுட்டு அப்படியே பின்னாடி போயிட்டாரு.

சுருக்கமா சொல்லிடுறேன், அப்புறம் விரிவா போகலாம். ஆளுங்கட்சி பக்கம் பிரதமர், மந்திரிங்க, கொறடாக்கள், எதிர்க்கட்சி பக்கம் தலைவர், நிழல் மந்திரிங்க (ஒவ்வொரு மந்திரிக்கும் எதிர்ல அதே துறைய கவனிக்கிற எதிர்க்கட்சி ஆளுங்க), அவங்க கொறடாக்கள், இவங்கதான் ஃப்ரண்ட்பெஞ்ச். மிச்ச எம்பிங்க எல்லாரும் பேக்பெஞ்ச். பேருல பெஞ்ச் இருந்தாலும் அது ஒரு இடம் இல்ல, ஒரு வேலை, கட்சித் தலைவர் குடுக்குற வேலை, அவரே எப்ப வேணா புடுங்கிக்கலாம். இத மட்டும் மனசுல வச்சுக்கிட்டா கீழ சொல்றது எல்லாம் ஈஸியா புரியும்.

ஸ்டெப் 1: முதல்ல சபாநாயகர் எங்கன்னு பாருங்க

காமன்ஸ் சபை, அதாவது மக்கள் தேர்ந்தெடுக்குற எம்பிங்க கூடுற கீழ்சபை, நீளமான ஒரு செவ்வகம். ஒரு கடைசில சபாநாயகர் நாற்காலி, ரெண்டு பக்கமும் பச்சை கலர்ல நீள நீள பெஞ்சுங்க, எதிரும் புதிருமா. சபாநாயகருக்கு வலது கைப் பக்கம் ஆளுங்கட்சி, இடது பக்கம் எதிர்க்கட்சி. புதுசா பாக்குறவங்க மாட்டிக்கிறது இங்கதான், ஏன்னா அது அவரோட வலது, உங்களோடது இல்ல. கேமரா சபாநாயகர் முகத்தப் பாத்து இருந்தா ஸ்கிரீன்ல இடது பக்கம் இருக்குறதுதான் அரசாங்கம், கேமரா ஆங்கிள் மாறினா அதுவும் மாறும், அதனால எப்பவும் நாற்காலிய வச்சே கணக்கு போடுங்க.

இந்த எதிரெதிர் அமைப்பு எங்கேருந்து வந்துச்சுன்னா, 16ம் நூற்றாண்டுலேருந்து 1834ல தீப்பிடிச்சு எரியுற வரைக்கும் எம்பிங்க கூடினது செயின்ட் ஸ்டீபன் சேப்பல்ங்கிற பழைய பிரார்த்தனைக் கூடத்துல, அங்க பாட்டுக் குழு ரெண்டு பக்கமும் எதிரெதிரா உக்கார்ற வரிசைங்க இருந்துச்சு, அதையே புடிச்சுக்கிட்டாங்க. 1941 மே மாசம் ஜெர்மன் குண்டு விழுந்து காமன்ஸ் சபை நாசமானப்போ வேற மாதிரி கட்டியிருக்கலாம்தான். சர்ச்சில் ஒத்துக்கல. அரைவட்டம் வேணாம், பழைய மாதிரியே செவ்வகமா இருக்கணும், எல்லா எம்பிக்கும் சீட் இல்லாத அளவுக்குச் சின்னதாவும் இருக்கணும்னு 1943ல வாதாடி ஜெயிச்சாரு, சபை நெரிசலா இருந்தாதான் விவாதத்துல சூடு இருக்கும்ங்கிறது அவரு வாதம். 1950ல திறந்தாங்க. இன்னைக்கும் எம்பிங்க 650 பேரு, இடம் 427 பேருக்குத்தான். முக்கியமான நாள்ல ஆளுங்க படிக்கட்டுல உக்காந்திருக்குறதும் நாற்காலி பக்கத்துல கும்பலா நிக்கிறதும் அதனாலதான்.

ஸ்டெப் 2: பெட்டி கிட்ட நின்னு பேசுறது யாருன்னு பாருங்க

இதுதான் எல்லாத்தயும் விட நம்பகமான டெஸ்ட், ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வச்சா போதும்னா இத வச்சுக்கோங்க. சபை நடுவுல ஒரு பெரிய மேஜை இருக்கும், அது மேல ரெண்டு பக்கமும் ஒவ்வொரு மரப்பெட்டி, டெஸ்பாட்ச் பாக்ஸ்னு பேரு. பிரதமர் முழங்கைய ஊனிக்கிட்டு, பேப்பர விரிச்சு வச்சுக்கிட்டுப் பேசுறாரே, அதுதான். அந்தப் பெட்டிகிட்ட வந்து பேசுற உரிமை ஃப்ரண்ட்பெஞ்ச் ஆளுங்களுக்கு மட்டும்தான். பேக்பெஞ்சர் எந்திரிச்சா தன்னோட இடத்துலயே நின்னுதான் பேசணும், முன்னாடி சாஞ்சுக்க எதுவும் கிடையாது, குறிப்பு பேப்பர கையிலயே புடிச்சுக்கணும். ஒருத்தர் யாருன்னே தெரியாட்டிக்கூட பெட்டி முன்னாடி நின்னா ஏதோ ஒரு பொறுப்புல இருக்காருன்னு தைரியமா முடிவு பண்ணலாம்.

பழைய பெட்டிங்க 1941 குண்டுல போயிடுச்சு, இப்ப இருக்குறது நியூசிலாந்து குடுத்த பரிசு, மேஜை கனடா குடுத்தது, சபாநாயகர் நாற்காலி ஆஸ்திரேலியா. ரெண்டு பக்க முன்வரிசைக்கும் முன்னாடி கார்பெட்ல சிவப்பு கோடு ஓடும், பேசுறப்போ அதத் தாண்டக் கூடாது. ரெண்டு கோட்டுக்கும் நடுவுல ரெண்டு வாள் நீளத்துக்கு இடம்னு ஒரு கதை சொல்லுவாங்க, டூரிஸ்ட் கைடுங்களுக்கு ரொம்பப் புடிச்ச கதை.

ஸ்டெப் 3: முன்னாடி இருக்குறவங்க எல்லாம் ஃப்ரண்ட்பெஞ்ச் இல்ல

இது தெரியாமத்தான் நெறைய பேரு தப்பா சொல்றாங்க. ரெண்டு பக்க பெஞ்சும் முழு நீளத்துக்கு ஒரே துண்டா ஓடாது, நடுவுல மேல ஏறிப் போற வழி ஒண்ணு குறுக்கால வெட்டும், கேங்வேன்னு சொல்லுவாங்க. சபாநாயகர் பக்கம் இருக்குற பாதியோட முதல் வரிசைதான் நிஜமான ஃப்ரண்ட்பெஞ்ச். ஆளுங்கட்சி பக்கம் அதுக்கு ட்ரெஷரி பெஞ்ச்னு இன்னொரு பேரு உண்டு. கேங்வேக்கு அந்தப் பக்கம் முதல் வரிசைல யாரு உக்காந்தாலும் பதவின்னு அர்த்தம் இல்ல.

இதுக்கு நல்ல உதாரணம் டென்னிஸ் ஸ்கின்னர். போல்சோவர் தொகுதி லேபர் எம்பி, 1970லேருந்து 2019 வரைக்கும். கேங்வேக்குக் கீழ, அதாவது சபாநாயகர்கிட்டேருந்து தள்ளி இருக்குற பாதில, முதல் வரிசை ஓரத்து சீட்தான் அவரோட நிரந்தர இடம்னு ஊருக்கே தெரியும். டிவில அடிக்கடி முன்னாடி தெரிவாரு, எதிர்ப்பக்கம் பாத்து நக்கல் அடிச்சுக்கிட்டே இருப்பாரு. அத்தனை வருஷத்துல ஒரு தடவ கூட மந்திரி கிடையாது. உடம்பு முன்வரிசைல இருந்துச்சு, அரசியல் கணக்குல அவரு சுத்தமான பேக்பெஞ்சர்.

எதிர்க்கட்சி பக்கம் கேங்வேக்குக் கீழ முன்னாடி வரிசைங்க மூணாவது பெரிய கட்சிக்குப் போகும். 2024 தேர்தல்ல 72 சீட் வாங்கினதால இப்போ அங்க லிபரல் டெமாக்ரட்டுங்க, அதுக்கு முன்னாடி ஸ்காட்டிஷ் நேஷனல் கட்சி. இவங்களுக்கும் கட்சிக்குள்ள துறைவாரியா பேச்சாளருங்க இருப்பாங்க, அவங்களையும் பத்திரிகைங்க 'லிபரல் டெமாக்ரட் ஃப்ரண்ட்பெஞ்ச்'னு எழுதும், தப்பில்ல. ஆனா பெட்டி அவங்களுக்கு இல்ல, தலைவரா இருந்தாலும் இடத்துல நின்னுதான் பேசணும்.

ஸ்டெப் 4: லிஸ்ட் வேற, அன்னைக்கு பெஞ்ச்ல இருக்குறவங்க வேற

காமன்ஸ்ல இருக்குற மந்திரிங்க எண்ணிக்கைக்கு 1975 சட்டம் ஒண்ணு 95ன்னு உச்சவரம்பு வச்சிருக்கு. 95 பேரு அந்த ஒத்தைப் பாதி பெஞ்ச்ல எப்படி உக்காருவாங்க? உக்கார மாட்டாங்க. அன்னைக்கு எந்தத் துறை விவாதமோ அந்தத் துறை மந்திரிங்கதான் வந்து முன்னாடி இருப்பாங்க, எதிர்ல அதே துறையோட நிழல் மந்திரிங்க. சுகாதாரத் துறை கேள்வி நேரம்னா சுகாதார மந்திரியும் அவருக்குக் கீழ இருக்குற ஜூனியர் மந்திரிங்களும், முடிஞ்சு அடுத்த சப்ஜெக்ட் ஆரம்பிச்சதும் மொத்த செட்டும் மாறும், அந்த ரெண்டு நிமிஷம் பஸ் ஸ்டாண்டு மாதிரி இருக்கும். கூட ஒரு கொறடாவும் முன்வரிசைல இருப்பாரு, சபைல பெருசா பேச மாட்டாரு, யாரு என்ன பேசினான்னு குறிச்சுக்கிட்டு இருப்பாரு.

மந்திரிக்குப் பின்னாடி ரெண்டாவது வரிசைல ஒருத்தர் குனிஞ்சு குனிஞ்சு சீட்டு குடுத்துக்கிட்டு இருப்பாரு பாருங்க, அவரு பெரும்பாலும் பிபிஎஸ், அதாவது மந்திரியோட நாடாளுமன்ற உதவியாளர், அவரும் எம்பிதான். இந்த வேலைக்குத் தனி சம்பளம் கிடையாது, மந்திரி லிஸ்ட்லயும் பேரு வராது. ஆனா அரசாங்கத்துக்கு எதிரா ஓட்டு போட்டா வேலை போயிடும். அதனால கலகம் எத்தன பேருன்னு கணக்கு போடுறப்போ பத்திரிகைக்காரங்க மந்திரிங்களோட இவங்களையும் சேத்து 'பேரோல் வோட்'னு ஒதுக்கி வச்சுடுவாங்க. சம்பளமே இல்லாதவங்கள சம்பளக் கணக்குல சேக்குறது கொஞ்சம் அநியாயம்தான்.

பேக்பெஞ்சருக்கு சீட் ரிசர்வேஷன் கிடையாதுன்னு சொன்னா முழுசா சரி இல்ல. சபை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பிரார்த்தனை நடக்கும், காலைல வந்து பிரேயர் கார்டுங்கிற சின்ன அட்டைய ஒரு இடத்துல வச்சுட்டு, பிரார்த்தனைக்கும் வந்துட்டா அன்னைக்கு அந்த இடம் அவருக்கு. பிரதமர் கேள்வி நேரம் இருக்குற நாள்ல கடவுள் பக்தி ஜாஸ்தியாயிடும். ஃப்ரண்ட்பெஞ்ச் ஆளுங்களுக்கு இந்த அலைச்சல் இல்ல, அவங்க இடம் அவங்களுக்காகவே காத்துக்கிட்டு இருக்கும்.

ஸ்டெப் 5: அந்த இடத்துக்கு என்ன விலை குடுக்குறாங்கன்னு புரிஞ்சுக்கோங்க

ஃப்ரண்ட்பெஞ்ச்ல இருந்தா தலைமை எடுத்த முடிவுக்குக் கட்டுப்படணும், கூட்டுப் பொறுப்பு. உள்ள எவ்ளோ வேணா சண்ட போடலாம், வெளிய வந்தா ஒரே குரல். ஒத்துக்க முடியலன்னா ராஜினாமா பண்ணிட்டு பின்னாடி போகணும். பேக்பெஞ்சர் கட்சிக்கு எதிரா ஓட்டு போட்டா 'கலகம்', ஃப்ரண்ட்பெஞ்சர் போட்டா வேலை காலி, வித்தியாசம் இதுதான். லேபர் எம்பி ஜெரமி கார்பின் 1983லேருந்து 2015 வரைக்கும் பேக்பெஞ்ச்லயே இருந்து சொந்தக் கட்சிக்கு எதிரா நூத்துக்கணக்கான தடவ ஓட்டு போட்டாரு, ஒண்ணும் ஆகல. அங்கேருந்து நேரா தலைவராவே வந்து உக்காந்ததும், மத்தவங்கள கட்டுப்பாட்டுல வைக்கிற வேலை அவரு தலைல விழுந்துச்சு.

ஒருத்தர் பின்னாடி போனா அவ்ளோதான் கதை முடிஞ்சுதுன்னு மட்டும் நினைக்காதீங்க. ராஜினாமா பண்ண மந்திரி பேக்பெஞ்ச்லேருந்து தனிப்பட்ட அறிக்கை ஒண்ணு குடுப்பாரு, அத யாரும் குறுக்கிடாம கேக்கணும்ங்கிறது வழக்கம். 1990 நவம்பர் 13ம் தேதி ஜெஃப்ரி ஹவ் அப்படித்தான் எந்திரிச்சாரு. தாட்சர் கேபினெட்ல ஆரம்பத்துலேருந்து கூட இருந்தவரு, ரொம்ப சாது, குரல உயர்த்தவே மாட்டாரு. அந்த சாதுக் குரல்லயே பிரதமரோட ஐரோப்பா கொள்கைய உரிச்சுப் போட்டாரு, தாட்சர் முன்வரிசைல அசையாம கேட்டுக்கிட்டு இருந்தாங்க. அடுத்த நாளே தலைமைக்குப் போட்டின்னு மைக்கேல் ஹெசல்டைன் அறிவிச்சாரு, 22ம் தேதி தாட்சர் விலகுறேன்னு சொல்லிட்டாங்க. மந்திரியா முன்னாடி உக்காந்திருந்தா அந்தப் பேச்சே வந்திருக்காது.

அதே மாதிரி 2003 மார்ச் 17, லேபர் அரசாங்கத்துல மந்திரியா இருந்த ராபின் குக், ஈராக் போருக்கு எதிரா ராஜினாமா பண்ணிட்டுப் பேசினாரு. காமன்ஸ்ல கை தட்டக் கூடாது, அன்னைக்கு சில எம்பிங்க எந்திரிச்சு நின்னே தட்டினாங்க. அடுத்த நாள் ஓட்டெடுப்புல போருக்கு எதிரான திருத்தத்த 139 லேபர் எம்பிங்க ஆதரிச்சாங்க. ரெண்டு பேச்சும் வீடியோவா கிடைக்குது, இந்த ஸ்டெப்புக்கு நான் சொல்றத விட அதுங்க நல்ல பாடம், ஹவ் பேச்சுல சுத்தி இருக்குற மூஞ்சிங்கள பாருங்க.

விதிவிலக்கு உண்டு, ஃப்ரீ வோட். கொறடா உத்தரவு போடாம அவங்கவங்க மனசாட்சிப்படி ஓட்டு போடுங்கன்னு விடுறது. 2015 டிசம்பர் 2ம் தேதி சிரியால குண்டு போடலாமான்னு விவாதம், எதிர்க்கட்சித் தலைவர் கார்பின் கூடாதுன்னு பேசினாரு, அவரோட நிழல் வெளியுறவு மந்திரி ஹிலரி பென் அதே பக்கத்து பெட்டிகிட்ட நின்னு போடலாம்னு பேசினாரு, தலைவர் பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தாரு. இது அடிக்கடி நடக்காது.

ஸ்டெப் 6: எதிர்ப்பக்கம்

நிழல் அமைச்சரவைன்னா ஒவ்வொரு மந்திரிக்கும் எதிர்ல அதே துறைய கவனிக்க எதிர்க்கட்சி நிறுத்துற ஆளு, நாளைக்கே ஆட்சி மாறினா நாங்க ரெடின்னு காட்டுறதுக்கு. எதிர்க்கட்சித் தலைவருக்கு 1937லேருந்து அரசாங்கமே சம்பளம் குடுக்குது, கொறடாக்கள் சில பேருக்கும் உண்டு, ஆனா நிழல் மந்திரிங்கன்னு பெருமையா சொல்லிக்கிறவங்களுக்கு வழக்கமான எம்பி சம்பளம்தான்.

ஆளு கிடைக்காமப் போற காலமும் உண்டு. 2016 ஜூன்ல ஐரோப்பிய யூனியன் வாக்கெடுப்பு முடிஞ்ச கையோட கார்பின் ஹிலரி பென்ன நீக்கினாரு, அதுக்கப்புறம் நிழல் அமைச்சரவைலேருந்து வரிசையா ராஜினாமா. ஒரே ஆளு ரெண்டு பொறுப்பு பாக்க வேண்டி வந்துச்சு, பால் ஃபிளின்ங்கிற வெல்ஷ் எம்பி 81 வயசுல ரெண்டு நிழல் பதவியோட முன்னாடி வந்தாரு. எதிர்ப்பக்க முன்வரிசை நெறைஞ்சிருக்கா காலியா இருக்கான்னு பாத்தாலே அந்தத் தலைவர் கட்சிக்குள்ள எவ்ளோ பலமா இருக்காருன்னு ஓரளவு தெரிஞ்சுடும்.

ஸ்டெப் 7: இப்ப நேரா ஒண்ணு பாருங்க

புதன்கிழமை லண்டன் நேரம் மதியம் 12 மணி, பிரதமர் கேள்வி நேரம், சுமார் அரை மணி நேரம். எதிர்க்கட்சித் தலைவருக்கு 6 கேள்வி, பெட்டிகிட்டேருந்து. மூணாவது கட்சித் தலைவருக்கு 2, இடத்துல நின்னு. மிச்சம் பேக்பெஞ்சருங்க, ரெண்டு பக்கத்துலேருந்தும் மாத்தி மாத்தி. ஆளுங்கட்சி பேக்பெஞ்சர் சில பேரு கேக்குற கேள்வி கேள்வி மாதிரியே இருக்காது, பிரதமருக்கு மாலை போடுற மாதிரி இருக்கும், முன்னாடி வரணும்னு ஆசைப்படுறவங்க யாருன்னு அதுலயே தெரியும். அத விட்டுட்டு கோபமா கேக்குற ஆளுங்கட்சி ஆளுங்கள குறிச்சு வச்சுக்கோங்க, அடுத்த கலகத்துல அந்தப் பேரு வரும்.

2019 செப்டம்பர் 3ம் தேதி ரெக்கார்டிங் கிடைச்சா அதயும் பாருங்க, ஒரே நாள்ல எல்லாம் இருக்கு. போரிஸ் ஜான்சன் பேசிக்கிட்டு இருக்கப்பவே ஃபிலிப் லீங்கிற அவரு கட்சி எம்பி எந்திரிச்சு எதிர்ப்பக்கம் போய் லிபரல் டெமாக்ரட்டுங்களோட உக்காந்துட்டாரு, அதோட அரசாங்கத்தோட மெஜாரிட்டி போச்சு. ராத்திரி விவாதத்துல சபைத் தலைவர் (சபாநாயகர் இல்ல, அரசாங்கத்தோட வேலைய சபைல கவனிக்கிற மந்திரி) ஜேக்கப் ரீஸ்-மாக் ஃப்ரண்ட்பெஞ்ச்ல படுக்காத குறையா சாஞ்சு கெடந்தாரு, நிமிந்து உக்காருன்னு எதிர்ப்பக்கம் கத்தினாங்க, அந்தப் படம் உலகம் பூரா சுத்துச்சு. அரசாங்கம் ஓட்டெடுப்புல தோத்துச்சு, எதிரா போட்ட 21 பேர கட்சி நாடாளுமன்றக் குழுவுலேருந்து வெளியேத்தினாங்க, அதுல கென் கிளார்க், ஃபிலிப் ஹேமண்ட்னு ரெண்டு முன்னாள் நிதி மந்திரிங்க.

எழுத்துல படிக்கணும்னா ஹான்சார்டுங்கிற அதிகாரபூர்வ பதிவு இருக்கு, இலவசம். மந்திரி பேசினா முதல்ல பதவி வரும், பேரு அடைப்புக்குறிக்குள்ள. சாதாரண எம்பின்னா முதல்ல பேரு, அடைப்புக்குறிக்குள்ள தொகுதியும் கட்சியும். ஆனா நிழல் மந்திரிங்களுக்கும் இந்த ரெண்டாவது மாதிரிதான் போடுவாங்க, அதனால எதிர்ப்பக்கம் யாரு ஃப்ரண்ட்பெஞ்ச்னு ஹான்சார்டுல பேரு போட்டிருக்குற விதத்த வச்சு மட்டும் கண்டுபுடிக்க முடியாது, வீடியோல பெட்டியப் பாக்கணும்.

குழப்புற சில கேஸ்

பிரபுக்கள் சபைல, அதாவது மேல்சபைல, பெஞ்ச் சிவப்பு. அங்கயும் ஃப்ரண்ட்பெஞ்ச் உண்டு, ஆனா கட்சி சாராதவங்க உக்கார்ற கிராஸ்பெஞ்ச்னு இன்னொண்ணும் பெருசா உண்டு, பிஷப்புங்களுக்குத் தனியா. ஆஸ்திரேலியால கிராஸ்பெஞ்ச்னா சுயேச்சைங்க, சின்னக் கட்சிங்க. இந்திய மக்களவைலயும் சபாநாயகருக்கு வலது பக்கம் ஆளுங்கட்சிதான், ஆனா முன்வரிசை சீட் கட்சிங்களோட பலத்த வச்சுப் பிரிக்கிறது, நிழல் அமைச்சரவைன்னு முறையா ஒண்ணும் கிடையாது. அதனால டெல்லில முதல் வரிசைல இருக்குறவர பாத்து லண்டன் அர்த்தம் எடுத்துக்காதீங்க.

கமிட்டித் தலைவருங்க இன்னொரு குழப்பம். துறைவாரியான செலக்ட் கமிட்டித் தலைவர எம்பிங்களே ஓட்டு போட்டு தேர்ந்தெடுக்குறாங்க, 2010லேருந்து இப்படி. கூடுதல் சம்பளம் உண்டு, மந்திரிய கூப்ட்டு உக்கார வச்சு மணிக்கணக்குல கேள்வி கேக்கலாம், ஆனா அவங்க பேக்பெஞ்சர்தான். நிழல் மந்திரிய விட இவங்கள பாத்துதான் மந்திரிங்க பயப்படுறாங்கன்னு எனக்குத் தோணும். ஜெரமி ஹண்ட் தலைமைப் போட்டில தோத்து பின்னாடி போய், 2020லேருந்து சுகாதாரக் கமிட்டித் தலைவரா இருந்தாரு, 2022 அக்டோபர்ல திடீர்னு நிதி மந்திரியா முன்னாடி வந்துட்டாரு.

கடைசியா டேவிட் கேமரூன். 2023 நவம்பர்ல சுனக் அவர வெளியுறவு மந்திரி ஆக்கினாரு, ஆனா அவரு அப்போ எம்பி இல்ல, அதனால பிரபு பட்டம் குடுத்து பிரபுக்கள் சபைக்குள்ள கொண்டு வந்தாங்க. அங்க ஃப்ரண்ட்பெஞ்ச்ல உக்காந்தாரு. 6 வருஷம் பிரதமரா நின்னு பேசின காமன்ஸ் பெட்டிகிட்ட வர உரிமை இல்ல. வெளியுறவு சம்பந்தமா காமன்ஸ்ல கேள்வி வந்தா துணைக்கு இருந்த ஆண்ட்ரூ மிட்செல்தான் எந்திரிச்சு பதில் சொன்னாரு. அதனால மந்திரி லிஸ்ட் பாக்குறப்போ பேருக்கு முன்னாடி லார்ட்னு இருக்கான்னு ஒரு தடவ பாத்துட்டு, அவரத் தேட வேண்டியது பச்சை பெஞ்ச்லயா சிவப்பு பெஞ்ச்லயான்னு முடிவு பண்ணுங்க.